பர்னபாஸுக்கு விடை கொடுத்தவர்கள்

நண்டுத்துறை என்ற கடற்கரை ஊரின் கால்பந்து அணிக்கு ரசிகர்கள் ஆயிரம் பேர். அவர்களில் சிலுவை, கஸ்பார், மிக்கேல் ஆகிய மூவரும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக யோசிப்பவர்கள். ஊருக்கு அதுதான் பிரச்சினை.

அணியின் கோல்கீப்பர் பர்னபாஸ் என்றால் மூவருக்கும் உயிர். பத்தொன்பது வருஷமாக அவர்தான் கோலில் நின்றார். இப்போது வயது முப்பத்தொன்பது. குனிந்தால் முழங்கால் சத்தம் போடும்.

ஒரு காலை டீக்கடைக்காரர் சொன்னார்: "தெரியுமாப்பா? டீம்ல பர்னபாஸைக் கழட்டி விட்டுட்டாங்க."

சிலுவை டம்ளரைக் கீழே வைத்தான். "ஐயோ! எந்தப் பாகத்தைக் கழட்டுனாங்க?"

"முழங்காலாத்தான் இருக்கும். அதுலதான் சத்தம் வந்துச்சு" என்றான் மிக்கேல். அவன் படகு எஞ்சின் மெக்கானிக். "பதிமூணாம் நம்பர் ஸ்பானர் இருந்தா மாட்டிரலாம் மக்கா."

ஓடினார்கள். பர்னபாஸ் முழுசாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கை இரண்டு, கால் இரண்டு என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் மூவருக்கும் மூச்சு வந்தது.

"புது கீப்பர் வந்துட்டான்பா. இனி நான் ஆட மாட்டேன். பக்கத்து மாவட்டத்துல கோச் வேலை கிடைச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்" என்றார் அவர்.

மூவரும் தேம்பி அழுதார்கள். ஸ்பானரோடு வந்துவிட்டதால், அழுதபடியே மிக்கேல் அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாயை இறுக்கிக் கொடுத்தான்.

நேராக கிளப் செயலாளரிடம் போய்ச் சண்டை போட்டார்கள். "எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? அவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது" என்றார் செயலாளர்.

வெளியே வந்ததும் கஸ்பார் கொதித்தான். "நிரப்ப முடியாதாமே! கடற்கரை நிறைய மண்ணு கெடக்கு."

"அண்ணன் தொண்ணூறு கிலோ. அவ்வளவு போட்டா போதும்" என்றான் மிக்கேல்.

"கையை விரிச்சு நிப்பாரேலே?" என்றான் சிலுவை.

ஆழ்ந்து யோசித்து, கைக்கு இரண்டு கூடை சேர்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் வந்து பார்த்தால் கோலுக்குள் மணல்மேடு. புது கீப்பர் அதன்மேல் ஏறி நின்று, தலை கம்பத்தில் இடிக்க விழித்துக்கொண்டிருந்தான். அள்ளிக் கொட்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆட்டம் முடிந்ததும் பர்னபாஸ் மைக்கைப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பத்தொன்பது வருஷம் என்னைக் கொண்டாடினீங்க. இப்போ எனக்கு விடை கொடுங்க."

கூட்டம் மூக்கை உறிஞ்சியது. சிலுவை மட்டும் எழுந்தான். "கேள்வி என்னண்ணே?"

அழுகைக்கு நடுவே பர்னபாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கேக்கிறேன். ஏழும் எட்டும் எத்தனை?"

மிக்கேல் சிலுவையின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "லேய், சொல்லிராதே! விடை கொடுத்தா அண்ணன் போயிருவாரு!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதை இல்லையே?"

"அப்போ தப்பாச் சொல்லு."

சிலுவை விரல்விட்டு எண்ணினான். பதினாறு வந்தது. மறுபடி எண்ணினான். பதினாறேதான். வாழ்க்கையில் பொய்யே சொல்லாதவன், அண்ணனுக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான்: "பதினஞ்சு!"

"சரியான விடை" என்றார் பர்னபாஸ். கும்பிட்டார். பஸ் ஏறிவிட்டார்.

கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டான். "பாவி! பதினாறுன்னு உண்மையைச் சொல்லியிருந்தா அண்ணன் இங்கேயே இருந்திருப்பாரேலே!"