சங்கிலியாண்டி வீட்டு ரெண்டு பிரவுன்

மந்திக்குளத்துச் சங்கிலியாண்டிக்கு மூளையே இல்லை என்று ஊரில் பேசுவார்கள். சுத்தப் பொய். இருந்தது. தம்பிமார் கொம்பையாவோடும் மாசானத்தோடும் பாகம் பிரித்ததில் ஆளுக்குக் கொஞ்சம்தான் தேறியது.

வெள்ளிக்கிழமை அவர் மகள் செண்பகவடிவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வந்தால் தங்கும் அறைக்குப் பிரவுன் பெயிண்ட் அடித்திருந்தால்தான் தட்டு மாற்றுவோம் என்று சம்பந்தி கறாராகச் சொல்லிவிட்டார். கடையில் இருந்ததோ ரெண்டு பிரவுன். ஒன்று காப்பித்தூள் மாதிரி, மற்றது நேற்றைய காப்பித்தூள் மாதிரி.

கடைக்காரர் ரெண்டிலும் ஒவ்வொரு டின் கொடுத்தார். "செவுத்துல கையகலம் அடிச்சு, நல்ல வெயில்ல பாருங்க அண்ணாச்சி. புடிச்சதை வச்சுக்கிடுங்க."

அடித்தார்கள். அறைக்குள்தான் வெயில் எட்டிப் பார்க்காதே! சுவரை முற்றத்துக்குத் தூக்கிப் போவோம் என்றான் மாசானம். "கூறுகெட்டவனே, வீடு விழுந்திரும்லா," என்று அதட்டிய சங்கிலியாண்டி, அந்த அறைக்கு மேலிருந்த கூரை ஓடுகளையெல்லாம் பிரித்து இறக்கினார். பெரியவர் பெரியவர்தான்.

வெயில் கொட்டியது. இடது பக்கத்துப் பிரவுன்தான் லட்சணம் என்று மூவரும் ஏகமனதாக முடிவெடுத்தார்கள். பிறகு திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த டின்களில் இடது பக்கத்து டின்னை எடுத்தார் சங்கிலியாண்டி. கொம்பையா அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நாம் திரும்பிவிட்டோம், டின் இன்னும் திரும்பவில்லையே என்றான். நியாயம்தானே? ரெண்டு டின்னையும் இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார்கள். அப்படியும் விளங்கவில்லை.

செண்பகவடிவு எட்டிப் பார்த்து, டின்னுக்குள் பார்த்தாலே தெரிந்துவிடுமே என்றாள். "கடைக்காரர் செவுத்துலதான் பாக்கச் சொன்னாரு," என்று அவளை விரட்டிவிட்டு, மறுபடி கையகலம் அடித்துப் பார்த்தார்கள். எது எந்த டின் என்பது மறுபடி மறந்துபோனது. வெள்ளிக்கிழமை காலையில் நாலு சுவரும் சொறி பிடித்த மாடாக நின்றன.

சம்பந்தி வந்தார். சுவரைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். மகள் வாழ்வு போச்சே என்று சங்கிலியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேல மட்டும் ஏன் அடிக்கலை?" என்றார் சம்பந்தி, வானத்தைக் காட்டி.

"ஏணி எட்டலை, சம்பந்தி."

சம்பந்தி அந்த ஏணியை மேலும் கீழும் அளந்து பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "நம்ம வீட்டு ஏணி இதைவிட நீளம்லா? எடுத்துட்டு வாங்கப்பா. அடிச்சு முடிச்சதும் தட்டு மாத்திக்கிடுவோம்," என்றார்.