கண்ணாடியில் ஒரு கை

பொன்னுரங்கத்துக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குரு தையல்நாயகி அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இதில் ஊராருக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். ஞானத்தை என்ன, ரேஷன் கார்டில் வயதைப் பார்த்தா கொடுக்கிறார்கள்?

மார்கழி மாத மாலை ஒன்றில் அவர் குருவின் முன் வந்து நின்றார்.

"அம்மா, மரகதம் இன்னும் காருக்குள்ளயே இருக்கறாளுங்க."

மரகதம் அவர் மனைவி. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றவளைத் தானே காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். முன்சீட்டில் சாய்ந்திருந்தவள் வழியெல்லாம் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். "நிறுத்துங்க, ஊட்டுக்குப் போயர்லாம்" என்றாள். அவர் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவள் போயிருந்தாள்.

"இருக்கறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"விடிஞ்சா அந்தக் கண்ணாடியில கை தெரியுதுங்க. நானும் கழுவி, வாக்ஸ் போட்டு மினுக்கி வெக்கறேன். மறுநா அதே எடத்துல மறுக்கா வந்துருது. வெளிய வரத் தட்டறாளுங்க. எப்படியாச்சும் அவளை அனுப்பி வெச்சிருங்க."

"கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"ஐயோ, ஆகாதுங்க! தூர நின்னே தண்ணிய வீசிருவேன்."

"கதவைத் திறந்து பாத்தீங்களா?"

"அவளை எறக்குனதுக்கப்பறம் அந்தக் கதவைத் தெறக்கவே இல்லீங்க."

அம்மா எழுந்தார். "வாங்க. தினமும் கழுவற மாதிரியே கழுவுங்க. நான் பாக்கறேன்."

வீட்டு வாசலில், வெட்டவெளியில், அந்தக் கறுப்புக் கார் நின்றது. தெரு நாய் அதைச் சுற்றிக்கொண்டு தள்ளியே போனது. பொன்னுரங்கம் வாளியில் ஷாம்பு கரைத்தார், ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழே தேய்த்தார், துணியால் ஒற்றி எடுத்தார். இடப்பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைப்பழக்கத்தில் வேலை செய்தார். தலைக்கு எண்ணெய் வைக்கிறவர் போல இடது உள்ளங்கையில் வாக்ஸை அள்ளிக்கொண்டு, அதில் துணியைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். கூரையின் நடுப்பகுதி எட்டாது. இடது கையை ஊன்றிக்கொண்டு எக்கினார். அம்மா அந்த இடத்தில் மட்டும் இமைக்காமல் பார்த்தார்.

மெருகேறிய கதவில் பொன்னுரங்கத்துக்குத் தன் நிழல் தெரிந்தது. அதன் பின்னால் ஒரு பெண் நின்றாள். துணியை நழுவவிட்டார். திரும்பினால், அம்மாதான்.

"காலையில வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

விடியும் நேரத்தில் திரும்பி வந்தார். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. கார் முழுக்கப் பனி படர்ந்திருந்தது. இடது முன்கண்ணாடியின் வெண்மைக்கு நடுவே ஒரு கை விரிந்திருந்தது. விரல் நுனிகளிலிருந்து நீர் வழிந்தது.

"பாத்தீங்களா?" பொன்னுரங்கம் கிசுகிசுத்தார். வாளியை எடுக்கக் குனிந்தார்.

அம்மா காலால் வாளியைத் தள்ளி வைத்தார். "கிட்டப் போங்க."

"அம்மா..."

"அனுப்பி வெக்கச் சொன்னது நீங்கதானுங்க? போங்க. உங்க கைய அது மேல வையுங்க."

செத்துப்போனவளின் கையைத் தொடுவது என்றால் சும்மாவா? ஆனாலும் அவள் தட்டித் தட்டிக் கேட்டதை ஒருமுறைகூடக் கேட்காத பாவி, இதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. போனார். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை வைத்தார்.

கண்ணாடி சில்லென்றிருந்தது.

கண்ணைத் திறந்தார். விரலுக்கு விரல் பொருந்தியிருந்தது. சின்ன வயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த அவருடைய சுண்டுவிரல், கண்ணாடியிலிருந்த கோணலில் அப்படியே அடங்கிக் கிடந்தது. மூக்கில் வாக்ஸ் வாசனை அடித்தது. கூரைக்கு எக்கும்போது வாக்ஸோடு அவர் ஊன்றிய இடத்தில் மட்டும் பனி ஒட்டவில்லை.

பயம் போனது. போன இடத்தில் அதைவிடக் கொடிய ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அப்ப... மரகதம் இங்க இல்லீங்களா?" குழந்தை மாதிரி அழுதார்.

அம்மா பனி முழுக்க வழிந்து, உள்ளே அந்தக் காலி சீட் தெரிகிறவரை காத்திருந்தார்.

"உள்ள இருந்து தட்டறாங்கன்னு சொன்னீங்க" என்றார். "கை வெளிப்பக்கந்தானுங்கய்யா இருக்குது."

பொன்னுரங்கம் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.