கடைசி அடியைக் கேட்காத குருவி

அந்தக் காலத்தில், குருவியும் பல்லியும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, வாலாட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் கிடையாது. அதன் வால் நட்டுவைத்த குச்சி மாதிரி அசையாமல் இருக்கும். வரப்பில் கிடக்கும் கல் என்று நினைத்து ஆட்கள் தாண்டிப் போவார்கள்.

அந்தக் குருவிகளில் ஒருத்தி மஞ்சளி. வடக்கே பனி விழும் மலை ஓடையில் பிறந்தவள். குளிர் வந்தால் அவள் கூட்டம் கடல் தாண்டிப் பாலித் தீவுக்கு வந்துவிடும். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள், வாய்க்கால் நிறையத் தண்ணீர், வயிறு கொள்ளாத பூச்சி. வேறென்ன வேண்டும்? மஞ்சளிக்கு வேண்டியிருந்தது. வயலுக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு, அதில் இரைந்து ஓடும் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில். காற்று வாகாக அடித்தால் அங்கிருந்து வெண்கலச் சத்தம் வரும். குளிர்காலம் முழுக்க அவள் அதைப் பாதி பாதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியாகக் கேட்பதைப் போல ஒரு தொந்தரவு உண்டா?

ஊர் திரும்பும் நாள் வந்தது. அன்றைக்குத்தான் கோயிலில் திருவிழா.

"போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன், அண்ணே," என்றாள் மஞ்சளி, கூட்டத்துக்குத் தலைவனான கருங்கழுத்தனிடம்.

"போறது உன் இஷ்டம். வெயில் தாழ்ந்து, தென்னங்கீற்று வடக்கே சாய்ஞ்சதும் கிளம்பறோம். யார் இருக்கா, யார் இல்லைன்னு நான் எண்ணிட்டு நிக்க மாட்டேன்."

அவன் சொன்னால் சொன்னதுதான். போன வருஷம் மஞ்சளியின் தங்கை ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு பின்தங்கிப் போனாள். கூட்டம் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவளை யாரும் பார்க்கவுமில்லை.

மஞ்சளி பள்ளத்தாக்கைக் கடந்து கோயில் வாசலில் இறங்கினாள். அங்கே லூ சுக்ரி என்ற பெண், உள்ளே வருகிற வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் இடுப்பில் கச்சை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நில்லு. கச்சை இல்லாம உள்ளே போகக் கூடாது."

"எனக்கு ஏது அக்கா இடுப்பு?"

லூ சுக்ரி அவளைச் சுற்றிப் பார்த்தாள். "இருக்கிற இடத்துல கட்டிக்கலாம்." தன் கச்சையிலிருந்தே ஒரு மஞ்சள் பட்டு நூலை உருவி, வால் தொடங்கும் இடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். "கேட்டுக்கோ. ஆட்டம் பார்க்கிறவங்க உடம்புக்குள்ள இறங்கும். இந்தக் கட்டுதான் அதைப் பிடிச்சு வைக்கும். முடியறப்போ பெரிய கோங் ஒரு அடி விழும். அதைக் கேட்டதும் இறங்கினது அடங்கிடும். அப்புறம் வா, நான் அவிழ்த்து விடறேன். கட்டின கைதான் அவிழ்க்கணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வந்தவுடனே போற நேரத்தைக் கேக்கறே. நல்ல விருந்தாளி."

முற்றத்தில் தட்டி வாசிக்கும் வெண்கலப் பட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால், நம் ஊர்ச் சேகண்டியைப் போல, ஆனால் அதைவிடப் பத்து மடங்கு பெரிதாக, ஒரு தட்டு மரச்சட்டத்தில் தொங்கியது. அதுதான் கோங். அதன் பக்கத்தில் ஒரு கிழவர் துணி சுற்றிய கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

மஞ்சளி மதில் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பல்லி ஏற்கெனவே இடம் பிடித்திருந்தது.

ஆட்டம் தொடங்கியது. தலையில் செண்பகப் பூ வைத்த இரண்டு சிறுமிகள் வந்தார்கள். முழங்காலை மடித்து, முதுகை வளைத்து நின்றார்கள். நின்ற இடத்திலேயே விரல்கள் துடித்தன. கண்மணி இரண்டும் இடமிருந்து வலமாகப் பாய்ந்தன, முகம் மட்டும் அசையவில்லை. மேளம் அடிக்க அடிக்க வெண்கலப் பட்டைகளின் ஒலி ஓடைத் தண்ணீர் கல்லில் சிதறுவதைப் போல் சிதறியது. நூல் கட்டிய இடத்தில் மஞ்சளிக்குக் குறுகுறுவென்றது. எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சூடு. நன்றாகவும் இருந்தது, இருப்புக் கொள்ளவுமில்லை.

அவள் மதிலுக்கு வெளியே தென்னையைப் பார்த்தாள். பிறகு ஆட்டத்தை. பிறகு மறுபடி தென்னையை.

"நீ ஆட்டம் பார்க்க வந்தியா, தென்னமரம் பார்க்க வந்தியா?" என்றது பல்லி.

"ரெண்டும்தான். இது முடியப் போகுதா?"

"அந்தக் கிழவர் கையை ஓங்கினாத்தான் முடியும்."

"தூங்கறாரே."

"தூங்கலை. எண்ணிட்டிருக்கார். எல்லாரும் ஆயிரம் அடி அடிக்கட்டும், தன்னோட ஒரு அடி போதும்னு உட்கார்ந்திருக்கார். உனக்கும் அந்தப் பொறுமை கொஞ்சம் இருந்தா நல்லது."

"உன்னை விட்டுட்டு யாரும் கடல் தாண்டிப் போறதில்லையே. உனக்குச் சொல்றது சுலபம்."

பல்லி மதிலோரம் போன ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

வெயில் மதிலிலிருந்து இறங்கியது. தென்னங்கீற்றுகள் ஒவ்வொன்றாக வடக்கே சாய்ந்தன. மஞ்சளி பறந்து போய் லூ சுக்ரியின் முன்னால் இறங்கினாள். அவள் தலையிலே பழமும் பூவும் அடுக்கிய படையல் தட்டு, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அக்கா, அவிழ்த்து விடுங்க. எங்க ஆளுங்க கிளம்பிட்டாங்க."

"கையை எடுத்தா தட்டு விழுந்துடும். இதோ முடியப் போகுது, பாரு. ஒரு அடிதான் பாக்கி."

பார்த்தாள். கிழவர் கண்ணைத் திறந்திருந்தார். கட்டை மடியை விட்டு எழும்பியிருந்தது. சிறுமிகள் இருவரும் ஒற்றைக் காலில் உடம்பைத் தாங்கி நின்றார்கள். மேளம் மெல்ல மெல்லக் குறைந்தது.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு வெளியே எங்கோ "சிசிட்" என்று ஒரு குரல். அவள் கூட்டத்தின் குரல்.

மஞ்சளி திரும்பித் தன் வாலின் மேலிருந்த நூலை அலகால் கடித்து அறுத்தாள். நூல் முற்றத்தில் விழுவதற்குள் அவள் மதிலைத் தாண்டியிருந்தாள். பள்ளத்தாக்கின் நடுவில், ஆற்றின் இரைச்சலுக்கு நேர் மேலே அவள் பறந்தபோது கோங்கின் அடி விழுந்தது. முற்றமே அதிர்ந்ததாம், செண்பகப் பூ உதிர்ந்ததாம். அவள் காதில் ஆறு மட்டும்தான் விழுந்தது.

வரப்பில் கூட்டம் மொத்தமும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"கிளம்பலையா?" மஞ்சளிக்கு மூச்சு வாங்கியது. "காத்து வந்துடுச்சே."

"அப்பவே வந்துடுச்சு," என்றான் கருங்கழுத்தன்.

"அப்புறம்?"

அவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு குறைஞ்சுது. போன வருஷமும் ஒண்ணு குறைஞ்சுது. இந்த வருஷம் அது வேண்டாம்னு தோணிச்சு. ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்தோம், நீ எங்கே இருக்கேன்னு தெரிஞ்சுக்க. அவசரப்படுத்தறதுக்கு இல்லை."

மஞ்சளி கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு அடி உட்கார்ந்திருக்கலாம்.

"வாலை ஏன் ஆட்டறே?" என்றான் அவன்.

"நான் ஆட்டலை. அதுவா ஆடுது."

மேலும் கீழுமாக, மேளம் சொன்ன அதே கணக்கில் வால் அடித்துக்கொண்டிருந்தது. அவள் இறகை இறுக்கினாள், கல்லில் அமர்ந்து அழுத்தினாள். நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கருங்கழுத்தனின் வாலும் ஒருமுறை துடித்தது. பிறகு அடுத்தவனுடையது. கூட்டம் முழுக்க ஆடிக்கொண்டே கடலைத் தாண்டியது. அந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் முட்டையைவிட்டு வரும்போதே ஆட்டிக்கொண்டு வந்தன.

அடுத்த குளிருக்கு மஞ்சளி நேராகக் கோயிலுக்குப் போனாள். "அவிழ்த்து விடுங்க, அக்கா."

லூ சுக்ரி அவளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முடிச்சு இருந்தா அவிழ்ப்பேன். இங்கே ஒண்ணுமே இல்லையே, பொண்ணே."

அன்றும் கோங்கின் அடி விழுந்தது. மஞ்சளியின் வால் ஒரு நொடி நின்றது. ஆனால் அது அந்த வருஷத்து ஆட்டத்துக்கான அடி. அவளுடைய அடி போன வருஷமே விழுந்து, ஆற்றோடு போய்விட்டது. வால் மறுபடி தொடங்கியது.

அன்று முதல்தான், பாலியில் வாய்க்கால் வரப்பில் நின்றாலும் சரி, நம் ஊர் ஏரிக்கரையில் நின்றாலும் சரி, வாலாட்டிக் குருவியின் வால் ஓய்வதில்லை. எங்காவது கோயில் மணி அடித்தால் மட்டும் ஒரு கணம் நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்கும். பிறகு, இது அது இல்லை என்று தெரிந்து, மறுபடி ஆட்டத் தொடங்கும்.