தன்னால் தூக்க முடிந்தது மட்டும்

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நெட்டூரணிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அவர்கள் ஊர் முட்டாள்கள் அத்தனை பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தேடி அலைய வேண்டியதில்லை.

அது உலகம்மாளின் வீடு. உலகம்மாளின் புருஷன் பம்பாயில் ஓர் இட்லிக் கடையில் மாவாட்டிக்கொண்டிருந்தான். இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டது அவளுடைய கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் அய்யாக்குட்டி, யோசிப்பது அவர் பொறுப்பு. நடுவில் சொள்ளமாடன், சந்தேகம் கேட்பது அவன் பொறுப்பு. கடைசித் தம்பி வெயிலுமுத்து. மற்றதெல்லாம் அவன் பொறுப்பு. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதில் ஊரில் யாருக்கும் ஆச்சரியமும் இல்லை.

உலகம்மாளுக்கு ஒரே மகள், செண்பகவல்லி. வீட்டில் செம்பா. மலையடிவாரத்தில் இருந்த விடுதிப் பள்ளியில் அவளுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. எப்படிக் கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. கிடைத்த இடத்தைக் கேள்வி கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

விடுதியைப் பார்த்துவர வெயிலுமுத்துதான் போனான். அங்கே வார்டனம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளைங்க தங்குற அறை மாடியில இருக்கு. இங்க தூக்கிக் கொடுக்க ஆள் கிடையாது. அதனால பிள்ளை தன்னால தூக்க முடிஞ்சதை மட்டும் கொண்டு வரணும். திங்கள்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மணி அடிச்சுக் கேட்டைப் பூட்டுவோம். அதுக்குள்ள பிள்ளை உள்ள இல்லைன்னா, இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிடும். புரிஞ்சுதா அண்ணாச்சி?”

வெயிலுமுத்துவுக்குப் புரிந்தது. மறந்துவிடுமோ என்பதுதான் பயம். அதனால் பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். கண்டக்டர் வந்து “எங்க போகணும்?” என்றபோது, “பிள்ளை தன்னால தூக்க முடிஞ்சதை மட்டும்” என்றான். கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கிழித்தார். வெயிலுமுத்து அங்கே இறங்கி, அதே வாக்கியத்தோடு ஊருக்குத் திரும்பி நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் கூடி யோசித்தார்கள்.

“பிள்ளையால எதைத் தூக்க முடியும்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றான் சொள்ளமாடன்.

“தூக்கச் சொல்லிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது,” என்றார் அய்யாக்குட்டி. யோசிப்பவர் யோசிப்பவர்தான்.

முதலில் தலையணை வந்தது. செம்பா தூக்கினாள். “தேறிட்டு,” என்றார் அய்யாக்குட்டி. வாளி வந்தது. தேறிற்று. பாய், தட்டு, சீப்பு எல்லாம் சிரமமில்லாமல் தேறின. பிறகு உலக்கை வந்தது. செம்பா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினாள்.

“விடுதியில உலக்கைய வச்சு அவ என்ன செய்வா?” என்று சொள்ளமாடன் கேட்டான்.

“என்ன செய்வான்னா அந்த அம்மா கேட்டாங்க? தூக்குவாளான்னுதானல கேட்டாங்க?” என்றார் அய்யாக்குட்டி.

சொள்ளமாடன் தலையை ஆட்டினான். உலக்கை தலையணை பக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆட்டுக்கல் தோற்றது. அரிவாள்மணை தேறிற்று. சாமி படம் தேறிற்று. சோற்றுப் பானை அரிசியோடு தோற்றது, அரிசி இல்லாமல் தேறிற்று. ஆகவே அரிசி வீட்டுக்கு, பானை விடுதிக்கு என்று முடிவாயிற்று. கோழி ஓடிப் போய், பிடிபட்டு, பிறகு தேறிற்று. ஏணியில் ஒரு முனையைத்தான் செம்பாவால் தூக்க முடிந்தது. அந்தப் பாதியை மட்டும் ரம்பத்தால் அறுத்துச் சேர்த்தார்கள்.

ஆட்டுக்குட்டி தேறிற்று. தாய் ஆடு தோற்றது. குட்டியைக் கொண்டுபோய் மற்றச் சாமான்களோடு கட்டியதும் தாய் ஆடு கத்தத் தொடங்கியது. வெயிலுமுத்து போய் அதன் கழுத்தைத் தடவினான். “விடு. நாங்களும்தான் பிள்ளையை அனுப்புதோம். நாங்க கத்துதோமா?” என்றான். பிறகு கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனான்.

சாயங்காலம் உலகம்மாள் வீட்டுக்குள் நுழைந்து சுற்றிலும் பார்த்தாள். ஆட்டுக்கல் இருந்தது. பீரோ இருந்தது. தரையில் அரிசி இருந்தது.

“சோறு எதுலடா பொங்குவேன்?”

“பானை மூட்டைக்குள்ள போயிட்டே அக்கா,” என்றான் வெயிலுமுத்து. அன்றைக்கு எல்லாரும் ஊறவைக்காத அரிசியை மென்றபடி, செம்பாவின் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊறவைக்கவும் பாத்திரம் இல்லை.

திங்கள் காலையில் ஒரு சிக்கல் முளைத்தது. வாளியை எடுக்கக் கை நீட்டிய வெயிலுமுத்துவை அய்யாக்குட்டி தடுத்தார்.

“தொடாதல! பிள்ளை தன்னால தூக்க முடிஞ்சதுன்னுதான சொன்னாங்க? நீ தூக்கினா அது ஓன்னால தூக்க முடிஞ்சது. கணக்கே தப்பிப் போகும்.”

ஆகவே செம்பா ஒவ்வொரு சாமானாகப் பஸ் நிறுத்தத்துக்குச் சுமந்தாள். சொள்ளமாடன் அங்கே காவலிருந்தான். அய்யாக்குட்டி வீட்டில் காவலிருந்தார். வெயிலுமுத்து அவள் மேல் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு கூடவே போய்க் கூடவே வந்தான். தலையணையும் வாளியும் சீப்பும் போய்ச் சேர்ந்திருந்தபோது காலை பஸ் வந்தது.

“ஏறுதீங்களா?” என்றார் கண்டக்டர்.

“சாமான் வந்துக்கிட்டே இருக்கு. செத்த இரும்,” என்றான் சொள்ளமாடன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு பிள்ளை உலக்கையோடு தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் குடை பிடித்து வந்தான். விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

வெயிலுமுத்து குடையை மடக்கினான். இப்படியே போனால் அஞ்சு மணிக்குப் பிள்ளை இங்கேதான் நிற்கும், இடம் எவளுக்கோ போய்விடும். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்தான். யோசித்ததும் பயந்துபோய் அண்ணனிடம் ஓடினான்.

“அண்ணே, சாமானைத்தான நாம தூக்கக் கூடாது? பிள்ளையைத் தூக்கலாம்லா? அவ சாமானைத் தூக்கட்டும். நாம அவளைத் தூக்குவோம்.”

“நீ எனக்குப் பொறகு இந்தக் குடும்பத்தைக் காப்பாத்துவ,” என்றார் அய்யாக்குட்டி.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. செம்பா பானையைத் தூக்கினாள், சொள்ளமாடன் செம்பாவைத் தூக்கினான். செம்பா கோழியைத் தூக்கினாள், வெயிலுமுத்து செம்பாவைத் தூக்கினான். ஆட்டுக்குட்டியோடு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, “கனக்குதா சின்ன மாமா?” என்று கேட்டாள். “நீ கனக்கல தாயி. குட்டிதான் கனக்கு,” என்றான்.

மத்தியானம் வந்த பஸ்காரர் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு நிற்காமலே போய்விட்டார். கடைசியில், வாழைத்தார் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த ‘குட்டியானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை மறித்தார்கள். செம்பா எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள். செம்பாவை இவர்கள் ஏற்றினார்கள். அவள் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்ததும் சொள்ளமாடன் அலறினான்.

“எறக்கு, எறக்கு! பிள்ளை சாமான் மேல இருந்தா, சாமான்லா பிள்ளையைத் தூக்குது!”

டிரைவர் இறங்கி வந்து, ஒரு பீடி பற்றவைத்து, இந்த வழக்கு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாச் சாமானையும் ஒரே கயிற்றால் கட்டி, கயிற்றின் நுனியை முன்சீட்டில் இருக்கும் செம்பாவின் கையில் கொடுப்பது என்று தீர்ப்பாயிற்று. அப்படியே கிளம்பினார்கள். வழியெல்லாம் செம்பா கயிற்றைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வண்டி மேடு ஏறும்போதெல்லாம் “கைய விட்டுராத தாயி!” என்று பின்னாலிருந்து மூன்று மாமன்களும் கத்தினார்கள்.

விடுதிக் கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றபோது வார்டனம்மா மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்தார். பாதி ஏணியைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார்.

“என்ன இது?”

“நீங்க சொன்னதுதாம்மா,” என்றான் வெயிலுமுத்து. “ஒண்ணு பாக்கியில்லாம அவளே தூக்கிட்டா.”

“ஆம்பிளைங்க யாரும் உள்ள வரக் கூடாது. அஞ்சு அடிக்கப் போகுது. பிள்ளை மொதல்ல உள்ள வரட்டும்.”

செம்பா தலையணையோடு உள்ளே ஓடினாள். மாடியில் வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். வாளியோடு உள்ளே போனாள். வெளியே வந்தாள். உலக்கையை எடுத்தாள். வெயிலுமுத்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி நின்றான். பிள்ளை வெளியே நிற்கிற நேரமாகப் பார்த்து மணி அடித்துவிட்டால்?

“தாயி, சாமான் போதும்! நீ உள்ள போயிரு!”

“நில்லு!” என்றார் அய்யாக்குட்டி.

எல்லாரும் நின்றார்கள். அய்யாக்குட்டியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

“வீட்டுல எல்லாத்தையும் தூக்கிப் பாத்தோம். பிள்ளையைப் பாத்தோமா?”

சொள்ளமாடன்தான் மெல்லக் கேட்டான்: “இம்புட்டு நேரம் உள்ள போயிட்டு வந்தாளே அண்ணே?”

“அப்பல்லாம் சாமானைக் கொண்டு போனா. இப்ப தன்னையில்ல கொண்டு போகச் சொல்லுதீக! தாயி, ஒன்னை நீ தூக்கு பாப்போம்.”

செம்பா உலக்கையைக் கீழே வைத்தாள். முழங்காலைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். எழும்பவில்லை. இரண்டு சடையையும் பிடித்து மேலே இழுத்தாள். குதிகால் எழும்பிற்று.

“குதிகால் தேறிட்டு!” என்று கத்தினான் சொள்ளமாடன். “விரல்தான் தேறல. அண்ணே, ஏணிக்குச் செஞ்ச மாதிரி…”

அய்யாக்குட்டி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“யாராலயும் தன்னைத் தானே தூக்க முடியாதுய்யா!” என்றார் வார்டனம்மா.

“அப்போ உள்ள இருக்கிற பிள்ளைகள்லாம் எப்படிம்மா உள்ள வந்துச்சு?” என்றான் சொள்ளமாடன்.

இருபது வருஷ உத்தியோகத்தில் இந்தக் கேள்வியை யாரும் வார்டனம்மாவிடம் கேட்டதில்லை. “நடந்து வந்துச்சுங்க!” என்று அவர் சொல்வதற்குள், செம்பா தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கியிருந்தாள். “எனக்கு இடம் இல்ல மாமா, நான் தேறல மாமா,” என்று அவள் அழுததைக் கேட்டு வெயிலுமுத்துவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கடிகார முள் அஞ்சைத் தொட ஒரு மயிரிழைதான் இருந்தது.

மாடிப்படியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் எட்டாம் வகுப்பு ஜெனோவா. கடற்கரை ஊர்ப் பிள்ளை. லீவில் அப்பாவோடு சேர்ந்து படகைக் கரைக்கு இழுத்துப் பழகியவள். அவள் இறங்கி வந்தாள். குனிந்தாள். செம்பாவை அரிசி மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இதை என்னால தூக்க முடியுது மிஸ்,” என்றாள். “இது என் சாமான்.”

அவள் உள்ளே கால் வைத்ததும் மணி அடித்தது.

மாமன்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. வார்டனம்மா கேட்டைப் பூட்டிவிட்டு, மிச்சச் சாமானைத் திருப்பிக் கொண்டு போகச் சொன்னார். அவரே சொல்லிவிட்டதால் இவர்கள் தைரியமாகத் தொட்டுத் தூக்கினார்கள்.

“பிள்ளைக்கு இடம் கிடைச்சுதா?” என்று உலகம்மாள் வாசலிலேயே கேட்டாள்.

“இடம் சாமானாக் கிடைச்சிருக்கு அக்கா,” என்றான் வெயிலுமுத்து. “ஆனா உள்ளதான் இருக்கா.”

குட்டி ஆட்டிடம் ஓடியது. பானை அடுப்புக்குப் போனது. உலகம்மாள் சோறு பொங்கினாள். வெயிலுமுத்துவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அன்றைக்கும் இறங்கவில்லை, அதற்குப் பிறகும் இறங்கவில்லை. தட்டில் கை வைத்தால் தூரத்தில் யாரோ “சின்ன மாமா” என்று கூப்பிடுவதுபோல் இருக்கும். எழுந்து போய்த் தெருவைப் பார்ப்பான். திரும்பி வருவதற்குள் அவன் சோற்றைச் சொள்ளமாடன் சாப்பிட்டிருப்பான்.

காலாண்டு லீவு வந்தது. மூவரும் கேட்டில் போய் நின்றார்கள். பிள்ளைகள் பெட்டியும் வாளியுமாக வெளியே வந்தார்கள். ஜெனோவாவும் வந்தாள். தலையில் டிரங்குப் பெட்டி, ஒரு கையில் வாளி, இடுப்பில் செம்பா.

“தாயி!” என்று ஓடினான் வெயிலுமுத்து.

செம்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால் இறங்கவில்லை. “நான் ஜெனோவா அக்கா சாமான்லா மாமா. இப்ப அவங்க ஊருக்குப் போறேன். அங்க கடல் இருக்காம்.”

“அண்ணே, நம்ம பிள்ளையைக் கொண்டு போறா!” என்றான் சொள்ளமாடன்.

அய்யாக்குட்டி கண்ணை மூடி யோசித்தார். “நம்ம பிள்ளைதான். ஆனா உள்ள போகும்போது அந்தப் பிள்ளை சாமான்னு சொல்லித்தானல இடம் வாங்கினோம்? வெளிய வரும்போது மட்டும் நம்ம பிள்ளைன்னா, அது நியாயமா?”

நியாயம் தெளிவாக இருந்தது. வெயிலுமுத்துவுக்கு மனசுதான் கேட்கவில்லை. அவன் ஜெனோவாவின் முன்னால் போய்க் கைகட்டி நின்றான்.

“யம்மா, நாங்களும் கூட வரலாமா?”

ஜெனோவா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அதுக்கு ஒரு முறை இருக்கே மாமா,” என்றாள்.

பெட்டியை இறக்கினாள். வாளியை இறக்கினாள். செம்பாவை இன்னும் கொஞ்சம் ஏற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். காலியாக இருந்த கையை வெயிலுமுத்துவின் இடுப்பில் கொடுத்து ஒரு தம் பிடித்தாள். மூன்று மாதமாகச் சோறு காணாத உடம்பு. காற்றில் வேட்டி எழும்புவதுபோல அவன் பாதங்கள் தரையை விட்டு எழும்பின.

“தேறிட்டான்!” என்றார் அய்யாக்குட்டி, நெஞ்சு விம்ம.

சொள்ளமாடன் வாயிலிருந்த முறுக்கை அவசரமாகத் துப்பிவிட்டு, அடுத்ததாகப் போய் நின்றான்.