நடக்கிற நேரம்

"எனக்குப் புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம் பாவாயி. என் பழைய ஓட்டம் திரும்ப வேணும். அவ்வளவுதான்."

தமயந்தி அப்போதுதான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள்.

பாவாயிக்கும் அவள் வயதுதான். சேலத்தில் இருவரும் ஒரே கல்லூரி. அங்கே வருஷா வருஷம் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் மூன்று வருஷமும் தமயந்திதான் முதல். மூன்று வருஷமும் பாவாயிதான் கடைசி.

முதலில் வந்தவள் கல்யாணத்தோடு ஓட்டத்தை விட்டாள். கடைசியில் வந்தவள் விடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரானாள். இப்போது காலை வேளைகளில், ஏரிக்கரைச் சாலையில், வருகிறவர்களுக்கெல்லாம் ஓடக் கற்றுக்கொடுக்கிறாள்.

"சரி, ஓடு," என்றாள் பாவாயி.

தமயந்தி ஓடினாள். கால்கள் மறந்திருக்கவில்லை. கூட்டத்தை முந்திக்கொண்டு போனாள். காதோரம் காற்று பேசியது. பத்தொன்பது வயசில் பேசிய அதே காற்று.

பின்னால் விசில் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நடக்கிற நேரம்."

"எனக்கு இன்னும் மூச்சே வாங்கலையே."

"அதனாலதான் இப்ப நடக்கணும்."

"மூச்சு வாங்கினப்புறம் நடந்தா என்ன?"

"அது நடக்கறது இல்லை தமா. நின்னுபோறது."

டீக்கடை வாசலில் நின்ற ஒருவர், "என்னக்கா, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்றார்.

பாவாயி சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

தமயந்திக்கு முகம் சுட்டது.

மறுநாள் விசில் ஊதியபோது அவள் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் வரவே இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாக ஓட ஆரம்பித்தாள். தினமும் கொஞ்சம் கூடுதல் தூரம். தினமும் கொஞ்சம் கூடுதல் வேகம்.

ஒரு நாள் பாதி வழியில் வலது முட்டி மடங்க மறுத்தது. ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னொரு தடவை இப்படி வீங்கினா ஓட்டத்தையே மறந்துடுங்கம்மா," என்றார் டாக்டர்.

செய்தி கேட்டுப் பாவாயி வந்தாள். ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றித் தோழியின் முட்டியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள் தமயந்தி.

"திட்டேன்டி."

"எதுக்கு?"

"சொன்னதைக் கேக்கலையே."

"அதான் முட்டி திட்டிருச்சே."

தமயந்தி சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.

"அப்ப ஓடினேன்டி. இப்ப எதுவும் இல்லை. ஒரு கப்பு இருக்கு, அலமாரியில. அதுவும் கறுத்துப்போச்சு. ஓடினது நான்தானான்னே சந்தேகமா இருக்கு."

பாவாயி துண்டை மாற்றிக் கட்டினாள்.

வீக்கம் வடிந்து தமயந்தி திரும்ப வந்த காலையில், பாவாயி கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீ ஊது."

"எப்ப ஊதணும்?"

"பாத்து ஊது."

அன்று கூட்டம் உற்சாகமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த வசுமதி எல்லோருக்கும் முன்னால், கதை பேசிக்கொண்டே ஓடினாள். நன்றாகத்தானே ஓடுகிறார்கள் என்று தமயந்தி ஊதாமலே விட்டாள்.

சிறிது தூரம் போனதும் வசுமதியின் பேச்சு நின்றது. விலாவைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் குனிந்தாள். வாந்தி எடுத்தாள்.

தமயந்தி ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப ஊதியிருக்கணும் பாவாயி?"

"அவ கதை சொல்லிச் சிரிச்சாளே, அப்ப."

அதற்குப் பிறகு தமயந்தி தவறவிடவில்லை. ஊதினாள். ஊதியதும் முதல் ஆளாக நடந்தாள். டீக்கடையில் நிற்கிறவர்கள் சொல்வதைச் சொல்லட்டும் என்று விட்டாள். முட்டி வீங்கவில்லை. தூரம் தன்னால் கூடியது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவாயி எல்லோரையும் கல்லூரி வாசலுக்கு வரச்சொன்னாள்.

"இன்னிக்கு எங்க பழைய ரூட்," என்றாள்.

தமயந்தி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஓடினார்கள். பழைய வழியில் பழையது எதுவும் இல்லை. கல்யாண மண்டபம், கார் ஷோரூம், அடுக்குமாடி வீடுகள். ஒரு மேம்பாலம் வந்தது. அதன் நிழலில் தமயந்தி விசில் ஊதினாள்.

எல்லோரும் நடந்தார்கள்.

"இங்க என்னடி இருந்துச்சு?"

"ரயில்வே கேட். அதுக்குப் பக்கத்துல ஜவ்வரிசி காயப்போடுற களம். தரையெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கும். ஒரு புளிச்ச வாடை அடிக்கும். பொம்பளைங்க காலால கிளறிக்கிட்டே நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க. ஞாபகம் இல்லை?"

தமயந்தி யோசித்துப் பார்த்தாள். வெள்ளையாக அவள் நினைவில் இருந்தது, ஓட்டம் முடிகிற இடத்தில் குறுக்கே கட்டிய நாடா மட்டும்தான்.

"உனக்கு மட்டும் எப்படிடி ஞாபகம் இருக்கு?"

"நான் எங்க ஓடினேன்? இங்க வரும்போதெல்லாம் நடந்துதான் வருவேன். கேட் மூடித் திறக்கிறதுக்குக் காளிங்கன்னு ஒரு பெரியவர் இருந்தார். சொம்புல தண்ணி கொடுப்பார். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் உன்னைப் பத்தியே பேசுவார்."

"என்னைப் பத்தியா?"

"ஆமா. 'முன்னாடி ஒரு பொண்ணு போச்சே, ரெட்டை ஜடை, அது யாரு கண்ணு? கால் தரையில பட்ட மாதிரியே தெரியலையே. இந்த கேட்ல எத்தனையோ ரயில் போகுது, ஒண்ணு கூட இப்படி அழகாப் போகலை'ன்னுவார். மூணு வருஷமும் இதையேதான் சொன்னார்."

தமயந்தியின் நடை மெதுவானது.

"நிஜமாவா? அப்படியா ஓடினேன்?"

"அப்படித்தான் ஓடின. நானும்தான் பாத்திருக்கேன், பின்னாடியிருந்து."

மேலே பாலத்தில் ஒரு லாரி தடதடத்துப் போனது. தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"முதல் சொம்பு உனக்குன்னுதான் எடுத்துக்கிட்டு வெளிய வருவாராம் தமா. அதுக்குள்ள நீ போயிருப்பியாம்."