டேப் சுற்றிய கம்பி

"கேப்டன், மூணு நாள் தாங்காதா?"

தணிகாசலம் கேட்டார்.

பெர்பெத்துவா பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முள் எடுக்கும்போது பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

கொச்சியில் ஒரு படகுத்துறை. மே மாதக் கடைசி. தென்மேற்கே மேகம் கூடுவதும் கலைவதுமாக, இன்னும் முடிவுக்கு வராமல் இருந்தது.

பணக்காரர்கள் பாய்மரப் படகு வாங்குவார்கள். வாங்கிய ஊர் ஒன்றாக இருக்கும், வேண்டிய ஊர் இன்னொன்றாக இருக்கும். நடுவில் இருக்கிற கடலை யாராவது கடந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அது ஒரு தொழில்.

அந்தத் தொழிலில் தூத்துக்குடி பெர்பெத்துவாவுக்கு நல்ல பெயர். வயது முப்பத்தாறு. இதுவரை ஒரு படகைக்கூடத் தொலைத்ததில்லை. ஓர் ஆளையும் தொலைத்ததில்லை. முதலாளிகளில் சிலரைத் தொலைத்திருக்கிறார்.

தணிகாசலம் அவருடைய சீடர். வயது ஐம்பத்து மூன்று. கடலூரில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். மாணவர் படையின் கடற்பிரிவைக் கவனித்துக்கொண்ட காலத்தில் பாய்மர ஆசை பிடித்தது. ஒருநாள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலுக்கு வந்துவிட்டார். ஒரு காலத்தில் அவர் வராந்தாவில் நடந்தால் நான்கு வகுப்புகள் வாயை மூடும். இப்போது கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து பெர்பெத்துவா கை கழுவுவதற்காகக் காத்திருந்தார்.

இரண்டு வருடம் அவரிடம் வேலை கற்றாகிவிட்டது. இப்போதுதான் முதல்முறையாக ஒரு படகுக்குக் கேப்டன். விசிட்டிங் கார்டும் அடித்தாகிவிட்டது. 'கேப்டன் தணிகாசலம், எம்.எஸ்ஸி., பி.எட்.'

பெர்பெத்துவா கை கழுவினார்.

"என்ன தாங்கணும்?"

"பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பி. மேல்முனையில ரெண்டு மூணு இழை அறுந்து, முள்ளு மாதிரி நிக்குது. அந்தோணிப்பிச்சை நேத்து ஏறிப் பார்த்துட்டுச் சொன்னான்."

"அறுந்தா?"

"மரம் சாயும்."

"சாஞ்சா?"

"கேப்டன், அதெல்லாம் தெரிஞ்சுதான கேக்குறேன்."

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கணும்?"

தணிகாசலம் பெருமூச்சு விட்டார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார்.

படகு மாலேக்குப் போக வேண்டும். அங்கே முதலாளிக்கு ஒரு சொகுசு விடுதி. விருந்தாளிகள் வரப்போகிறார்கள். அவர்கள் இந்தப் படகில் நின்றுகொண்டுதான் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமாம். முதலாளி பேசுவதில்லை. அவருடைய மேனேஜர் கிருபாகரன் சென்னையில் இருந்து பேசுகிறார். பேசிக்கொண்டே இருக்கிறார்.

"புதுக் கம்பி கேட்டேன். சொல்லியிருக்கு, அடுத்த வாரம் வருது, அதை மாலேல மாத்திக்கலாம்கிறார். இப்போதைக்கு டேப் சுத்திக்கோங்க, மூணு நாள் வேலைதானங்கிறார்."

"ம்."

"போன தடவை இதே கம்பியோடதான் ஒருத்தர் கோவாவிலிருந்து கொண்டுவந்தாராம். ஒண்ணும் ஆகலையாம்."

"ம்."

"பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற உயிர்காக்கும் மிதவைக்கு சர்வீஸ் தேதி போன வருஷமே முடிஞ்சுபோச்சு. அதைக் கேட்டா, பெட்டி புதுசு மாதிரிதான இருக்குங்கிறார்."

"பெட்டி எப்படி இருக்கு?"

"புதுசு மாதிரிதான் இருக்கு."

"அப்புறம்?"

"நீங்க அனுபவசாலி, உங்களுக்கு நான் சொல்லணுமாங்கிறார்."

இதைச் சொல்லும்போது தணிகாசலத்தின் முதுகு தானாகவே கொஞ்சம் நிமிர்ந்தது. பெர்பெத்துவா அதைப் பார்த்தார்.

"நான் போகலைன்னா வேற ஆள் தயாரா இருக்காராம். முதல் படகு, கேப்டன். இதை விட்டா அடுத்ததை எவன் கொடுப்பான்? கூட வர்ற பசங்களைக் கேட்டேன். அந்தோணிப்பிச்சை 'நீங்க சொன்னா சரி'ங்கிறான். ஜலீல் தலையாட்டுறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. போகலாமா, வேண்டாமா?"

பெர்பெத்துவா யோசித்தார்.

"டேப் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வாங்க, சுத்துவோம்."

தணிகாசலம் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார். திட்டு விழாதது ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் மனசு லேசாகிவிட்டது. குருவே சுற்றச் சொல்லிவிட்டார்.

"மேல யார் ஏறுறது?" என்று கேட்டார்.

"கேப்டன் யாரு?"

"நான்."

"அப்ப நீங்கதான்."

படகின் பெயர் மாலினி. முதலாளியின் மனைவி பெயர். பாய்மரம் இரண்டு தென்னையை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தின உயரம் இருக்கும்.

கேன்வாஸ் துணியில் தைத்த இருக்கையில் ஆள் உட்கார வேண்டும். இருக்கையில் கட்டிய கயிறு மர உச்சிக்குப் போய், அங்கே ஒரு கப்பியில் ஏறி, மறுபக்கமாகக் கீழே வரும். கீழே வின்ச் என்கிற கயிறு சுற்றும் உருளையைச் சுற்றினால் ஆள் மேலே போவார்.

பெர்பெத்துவாவே கயிற்றைத் தயார் செய்தார். தணிகாசலம் அதைக் கவனிக்கவில்லை. அவர் கிருபாகரனோடு போனில் இருந்தார். "இதோ ஏறிட்டே இருக்கேன் சார்," என்று சொல்லிவிட்டு, போனை அந்தோணிப்பிச்சை கையில் கொடுத்தார்.

"மேனேஜர் எப்ப அடிச்சாலும் உடனே எடுத்துரு."

"சரி கேப்டன்."

டேப் உருளையை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். வின்ச் கிறீச்சிட்டது. தலைமை ஆசிரியர் எழும்பினார்.

படகுத்துறையில் தண்ணீர் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மர உச்சியில் அந்த அசைவு பத்து மடங்காகத் தெரியும். தணிகாசலம் ஊஞ்சலில் வைத்த பூசணிக்காய் போல இப்படியும் அப்படியும் போய்வந்தார்.

உச்சிக்கு வந்ததும் கண்ணைத் திறந்தார். கம்பி முகத்துக்கு நேரே இருந்தது. அறுந்த இழைகள் மீசை முறுக்கிக்கொண்டு நின்றன. டேப்பைக் கழற்றப் போனவர், தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

அப்படியே உறைந்துவிட்டார்.

"கேப்டன்!"

"சொல்லுங்க ஹெட்மாஸ்டர்."

"என் கயித்துல டேப் சுத்தியிருக்கு!"

"ஆமா. நான்தான் சுத்தினேன்."

"எதுக்கு?"

"பார்க்க நல்லா இல்ல. அதான்."

"பார்க்க நல்லா இல்லன்னா? உள்ள என்ன இருக்கு?"

"அதான் டேப் சுத்தியாச்சுல்லா. இப்ப பார்க்க நல்லாத்தான இருக்கு?"

தணிகாசலம் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"வேற கயிறு இல்லையா?"

"சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் வருது. உங்களுக்குப் பத்து நிமிச வேலைதான?"

"பத்து நிமிஷத்துல அறுந்தா?"

"போன தடவை ஒருத்தர் இதே கயித்துல ஏறினாரு. ஒண்ணும் ஆகல."

"அவர் என் எடை இருப்பாரா?"

"நீங்க அவரைவிட அனுபவசாலி."

காற்று கொஞ்சம் வீசியது. பூசணிக்காய் கொஞ்சம் அதிகமாக ஆடியது.

"ரெண்டாவது கயிறு எங்க? ரெண்டு கயிறு இல்லாம மேல போகக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க!"

"அதுவும் இருக்கு. இந்தா, இங்க பைக்குள்ள பத்திரமா இருக்கு. தேதிதான் முடிஞ்சுபோச்சு. பை புதுசு மாதிரிதான் இருக்கு."

தணிகாசலம் இருபத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவர். எவன் எவனைப் பார்த்து எழுதினான் என்பதை இரண்டு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். மர உச்சியில் இருந்ததால் இன்று கொஞ்சம் தாமதமானது. கேட்டதெல்லாம் காலையில் தன் வாயிலிருந்து வந்த வரிகள்தான் என்பது அவருக்கு இப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்வது? தொங்கிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

கீழே போன் அடித்தது.

அந்தோணிப்பிச்சை உடனே எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"கேப்டன், மேனேஜர் சார்!"

"இப்ப வேணாம்! கட் பண்ணு!"

"நீங்கதான எப்ப அடிச்சாலும் எடுக்கச் சொன்னீங்க?"

கிருபாகரன் குரல் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது. "சுத்தியாச்சா? ஏன் லேட்டு? அங்க விருந்தாளிங்க பிளைட் டிக்கெட்டே எடுத்துட்டாங்க. நமக்காக சூரியன் காத்திருக்காதுங்க."

பெர்பெத்துவா அண்ணாந்து பார்த்தார்.

"ஹெட்மாஸ்டர், சார் கேக்காரு. சுத்தியாச்சான்னு."

"என்னைக் கீழே இறக்குங்க!"

"சுத்தாமலா?"

"இறக்குங்கன்னா இறக்குங்க!"

"நீங்க இறங்கினா வேற ஆள் தயாரா இருக்கு."

"யாரு?"

பெர்பெத்துவா அந்தோணிப்பிச்சையைப் பார்த்தார்.

அந்தோணிப்பிச்சைக்கு இந்த நாடகத்தில் பங்கு எதுவும் கிடையாது. டேப்புக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது. அவன் போனை ஜலீலிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். கைலியை மடித்துக் கட்டினான். மேலே பார்த்துக் கை குவித்துக் கத்தினான்.

"நீங்க இறங்குங்க கேப்டன்! நான் ஏறுறேன்! நீங்க சொன்னா சரி!"

அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஆள் சின்னதாகத் தெரிவான். முகம் தெரியாது. உச்சந்தலையில் வழுக்கை விழ ஆரம்பித்திருப்பது மட்டும் தெரிந்தது. இரண்டு மாதமாகப் பக்கத்திலேயே இருக்கிறான், இதைத் தணிகாசலம் பார்த்ததே இல்லை.

"நீ ஏறாதே!"

அந்தக் குரலை அந்தப் படகுத்துறை அதுவரை கேட்டதில்லை. கடலூரில் நான்கு வகுப்புகளை வாய் மூட வைத்த குரல் அது. பக்கத்துப் படகில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான்.

"இந்தக் கயித்துல எவனும் ஏறக் கூடாது! அந்தோணி, செருப்பைப் போடு!"

"அப்ப கம்பி, கேப்டன்?"

"செருப்பைப் போடுடா முதல்ல!"

அந்தோணிப்பிச்சை செருப்பைப் போட்டான்.

பெர்பெத்துவா இறக்கினார். மெதுவாக, அவசரமே இல்லாமல், ஒரு முட்டையை இறக்குவது போல இறக்கினார்.

தணிகாசலத்தின் கால் தளத்தில் பட்டது. உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தார். டேப் சுற்றிய இடம் கைக்கு வந்தது. நகத்தால் கீறி, பல்லால் கடித்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்.

உள்ளே கயிறு புத்தம் புதியது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. கடையில் கொடுத்த பளபளப்பு அப்படியே இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிர்ந்தார்.

"இது நல்ல கயிறு."

"ஆமா."

"அப்ப எதுக்கு என் உயிரை எடுத்தீங்க?"

"மேல இருக்கும்போது நல்ல கயிறுன்னு தெரிஞ்சுதா?"

"எப்படித் தெரியும்? அதான் டேப் சுத்தி மறைச்சுட்டீங்களே!"

பெர்பெத்துவா வின்ச் கைப்பிடியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு மரத்தடியில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்.

ஜலீல் கையில் போன் இன்னும் உயிரோடு இருந்தது. அதற்குள் இருந்து கிருபாகரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ஹலோ, ஹலோ, என்னங்க அங்க சத்தம்? யாரு ஏறக் கூடாது? கேப்டன் எங்க? வேலை முடிஞ்சுதா இல்லையா?"

ஜலீல் குருவைப் பார்த்தான். குரு தணிகாசலத்தைப் பார்த்தார்.

தணிகாசலம் கை நீட்டிப் போனை வாங்கினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம் சார். தணிகாசலம் பேசுறேன்."

"சுத்தியாச்சா?"

"இல்லைங்க."

"ஏங்க? சின்ன வேலைதான? நான் வேற ஆளைப் பார்க்கவா? இப்பவே சொல்லுங்க, ஒரு போன் போட்டா வந்துருவாங்க."

அந்தோணிப்பிச்சை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தணிகாசலம் மடியில் கிடந்த கயிற்றைக் கையில் எடுத்தார். முழங்கையில் போட்டு, வளையம் வளையமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

"பாருங்க சார், தாராளமாப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். உங்க ஆபீஸ் எத்தனாவது மாடி?"

"பதினொண்ணு. எதுக்கு?"

"நல்ல கயிறு ஒண்ணு இருக்கு சார். கொஞ்சம் டேப் சுத்தியிருக்கும். நாளைக்குக் கொண்டுவர்றேன்."

"கயிறு எனக்கு எதுக்குங்க?"

"பத்து நிமிஷ வேலைதான் சார்," என்றார் தணிகாசலம். "ஜன்னல் திறக்குமா?"