ஏழாம் எண் நல்ல தண்ணீர்

மூன்று படிப்பாளிகளும் ஒரு போராட்டக்காரியும் சேர்ந்து ஒரு நோய்க்குக் காரணம் தேடினார்கள். நால்வரும் தவறினார்கள். ஆனால் ஒருவருடைய தவறு மற்ற மூவருடையதைப் போன்றதல்ல. அவர் யார் என்று கண்டுபிடிப்பது கேட்பவர் பொறுப்பு.

சாமந்தூர்க் காலனி சாயப்பட்டறைகளுக்குக் கீழே, ஓடையை ஒட்டி இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு சிறுநீரகம் கெட்டது. வேலாத்தாளின் தம்பி ஆறுச்சாமி டயாலிசிஸில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுடைய சின்ன மகளுக்கும் முகம் வீங்கத் தொடங்கியிருந்தது.

வேலாத்தாள் பட்டறையில் துணி அலசியவள். கொடி பிடித்ததற்காக வேலையை இழந்தவள். காரணம் தெரியாமல் மருந்து எதற்கு என்று சாலையை மறித்தாள், தடியடி பட்டாள், சிறைக்குப் போனாள். கடைசியில் அரசு இறங்கிவந்து கொடுத்தது ஓர் ஆய்வு. மருத்துவமும் வேதியியலும் சமூகவியலும் அதில் கைகோக்குமாம். மக்களின் பிரதிநிதியாக வேலாத்தாளும் இருப்பாளாம். தண்ணீர்தான் காரணம் என்று ஆய்வு சொன்னால், கெட்ட கிணற்றை மூடிவிட்டு ஆற்றுக் குழாய் போட்டுத் தருவதாகக் கலெக்டர் வாக்குக் கொடுத்தார்.

சமூகவியல் பேராசிரியர் மங்கையர்க்கரசி வீடு வீடாகப் போய்க் கேட்டார்: “உங்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கிறதா?”

“கெடைக்குதுங்க. வாசல்லயே குழா இருக்குதுங்க.”

காலனி முழுக்க இதே பதில். பாதுகாப்பான குடிநீர் உண்டு என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார். உப்புக் கரிக்காத எந்தத் தண்ணீருக்கும் நம் ஊர்களில் நல்ல தண்ணி என்றுதான் பெயர். சாமந்தூரில் ஆழ்துளைப் போரில் வருவது உப்புத் தண்ணி, துவைக்க. ஓடைக்கரைக் கிணற்றிலிருந்து வாசல் குழாய்க்கு வருவது நல்ல தண்ணி, குடிக்க. இந்த வழக்கு பேராசிரியருக்குத் தம் வீட்டு அடுப்படியில் தெரியும். கையில் கேள்வித்தாள் இருந்தபோது தெரியவில்லை.

வேதியியலாளர் கிருபாகரன் கிணறுகளுக்கு எண் போட்டு, ஆள் விட்டுத் தண்ணீர் எடுத்துவரச் செய்தார். ஏழாம் எண் கிணற்றில் காட்மியம் என்ற நஞ்சு இருந்தது. ஆனால் மக்கள் குடிப்பது பாதுகாப்பான நீர் என்று பேராசிரியரின் அட்டவணை சொன்னது. அப்படியானால் இந்தக் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை என்று எழுதிவிட்டார். டாக்டர் சுந்தரவதனனும் அதே அட்டவணையைப் பார்த்தார். தண்ணீரை விட்டுவிட்டு, வெயிலும் வலி மாத்திரையுமே நோய்க்குக் காரணம் என்று முடித்தார். மூன்று துறைகளுக்கும் மேசை ஒன்றாக இருந்தது. ஒன்றாக இருந்தது அது மட்டும்தான்.

இறுதிக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தார்கள். “இவ்வூர் மக்கள் நல்ல தண்ணீரே குடிக்கிறார்கள்.” வேலாத்தாள் தலையாட்டினாள். உண்மைதானே. ஏழாம் எண் என்பது எந்தக் கிணறு என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. மக்கள் சார்பில் கையெழுத்தும் போட்டாள்.

வெளியீட்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, அவளை அழைக்கக் கிருபாகரன் காலனிக்கு வந்தார். நல்ல வெயில்.

“தொண்டை வறண்டுபோச்சும்மா. கொஞ்சம் தண்ணி குடுங்க.”

காலனி வீட்டில் வாய்விட்டுத் தண்ணீர் கேட்ட முதல் பெரிய மனிதர். வேலாத்தாளுக்கு மனம் குளிர்ந்தது. டம்ளரைத் தேய்த்துக் கழுவி நிரப்பிக் கொடுத்தாள்.

“போர் தண்ணியாம்மா?”

“அதைய மாடு கூட மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க. இது நல்ல தண்ணி. ஓடைக்கரைக் கெணத்துது.”

டம்ளர் உதடு வரை போய் நின்றது. பிறகு மெதுவாகத் தரைக்கு வந்தது.

“இப்பத்தான் டீ குடிச்சேன். வர்றேம்மா.”

நீயும் அந்தக் கூட்டந்தானா என்று நினைத்தாள் வேலாத்தாள். இரட்டை டம்ளர் வைத்த டீக்கடைகளின் முன்னால் நின்று கல்லடி பட்டவள் அவள். வாய் படாமல் திரும்பும் டம்ளருக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் என்று கேட்க மானம் விடவில்லை. அந்தத் தண்ணீரை வீணாக்காமல் தம்பி மகளின் கஞ்சியில் ஊற்றினாள். அடுத்து வந்த நாட்களிலும் அதே தண்ணீரில்தான் கஞ்சி வைத்தாள்.

விழாவில் மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பல துறைகள் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது முன்மாதிரி என்றார் கலெக்டர். திரையில் வரைபடம் விரிந்தது. ஓடை, பாலம், பட்டறைச் சுவர், பக்கத்தில் சிவப்புப் புள்ளி: கிணறு எண் ஏழு.

வேலாத்தாள் எழுந்தாள். “ஏனுங்க, அது எங்க நல்ல தண்ணிக் கெணறுங்க. அதுக்கு எதுக்குச் செவப்பு?”

மங்கையர்க்கரசியின் முகம் வெளுத்தது. “நீங்க சொன்னதைத்தானேம்மா எழுதினேன்?”

“அட்டவணை தப்புன்னா என் முடிவும் தப்பு,” என்றார் டாக்டர். “சத்தியமா எனக்கு இப்பத்தான் தெரியும்.”

“நஞ்சு இருக்குன்னு நான் தெளிவா எழுதியிருக்கேன்,” என்றார் கிருபாகரன். “ஊர்ல அந்தக் கிணத்துக்கு என்ன பேருங்கறது என் துறை இல்லை.”

“கடைசியில உங்க கையெழுத்தும் இருக்கேம்மா,” என்றார் கலெக்டர். அச்சான அறிக்கையைத் திருத்த வழியில்லை, மறு ஆய்வுக்கு எழுதலாம், அதுவரை கிணறு அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

தவறாகக் கேட்டவர், கேட்டதை நம்பியவர், நஞ்சைச் சரியாக எழுதியவர், கையெழுத்துப் போட்டவள். இந்த நால்வரில் மன்னிக்கக் கூடாதவர் யார்?

விடை: நஞ்சைச் சரியாக எழுதிய கிருபாகரன்தான். மற்ற மூவரும் விழா மேடை வரை அறியாதவர்கள். அவரோ தொண்டை வறண்டு தாமே கேட்டு வாங்கிய தண்ணீரை, கிணற்றின் இடத்தைக் கேட்டதும் கீழே வைத்தார். அந்த நொடியில் அவருக்கு எல்லாத் துறையும் தெரிந்துவிட்டது. எதிரே நின்றவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பொன்னாடை ஒரு வாரத்தில் வரவிருந்தது. டம்ளரைப் பற்றி வேலாத்தாள் நினைத்தது தவறு என்று சிலர் சொல்வார்கள். தனக்கு ஆகாத தண்ணீர் அவளுக்கு ஆகும் என்று விட்டுப்போனதற்கு வேறு பெயர் இருந்தால், அதையும் அவர்களே சொல்லட்டும்.